பழைய கடிதத்தின் கையெழுத்தை வெக்டராக்கும்போது புள்ளிகள் காணாமல் போகின்றன

#1 தாழம்பூ

வணக்கம். என் பெரியம்மா எனக்கு எழுதிய கடிதம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வந்தது. கோடு போட்ட ஏ4 தாள், கருநீலப் பால்பாயிண்ட் பேனா, நான்காக மடித்த மடிப்பு. அதில் ஒரு வரி மட்டும் எனக்கு வேண்டும்: "உன் கடிதம் வந்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது." தாளில் அந்த வரி 12 செ.மீ. நீளம். அதை 90 செ.மீ. ஆகப் பெரிதாக்கி மரப் பலகையில் லேசரால் பொறிக்க ஆசை. அதே வரி 6 செ.மீ. அளவில் ஒரு புத்தக அடையாள அட்டையிலும் வர வேண்டும்.

போனில் படம் எடுத்து, முழுப் பக்கத்தையும் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் பிட்மேப் கொடுத்தேன், அதாவது படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவமாக மாற்றும் கட்டளை. வந்ததைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. அந்த வரியில் ஏழு புள்ளி இருக்க வேண்டும். மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது. "உன் கடிதம்" என்பது "உன கடிதம" என்று நிற்கிறது. எழுத்தின் ஓரமெல்லாம் ரம்பப் பல். தாளின் கோடுகள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. மொத்தம் 41,000 நோடுகள் (கோட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் முடிச்சுகள்). பொறித்துத் தருபவருக்கு அனுப்பினால், கோப்பைத் திறக்கவே வெகு நேரம் ஆகிறது என்கிறார்.

எங்கே தப்பு செய்கிறேன்? பெரியம்மா இப்போது இல்லை. மறுபடி எழுதி வாங்க வழியில்லை.

#2 வளைகோடு

மூன்று விவரம் சொல்லுங்கள். படம் எத்தனை பிக்சல் அகலம்? டிரேஸ் பெட்டியில் ஸ்பெக்கிள்ஸ் எண் எவ்வளவு வைத்தீர்கள்? படம் ஜேபெக்கா, பிஎன்ஜியா?

#3 தாழம்பூ

பக்கம் முழுவதும் 1600 பிக்சல் அகலம், ஜேபெக். ஸ்பெக்கிள்ஸ் 80. தாளில் பழுப்புக் கறைகள் நிறைய இருந்ததால் அதைக் கூட்டிக்கொண்டே போனேன்.

#4 வளைகோடு

அப்படியென்றால் புள்ளிகள் எங்கே போயின என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

ஏ4 தாள் 210 மி.மீ. அகலம். 1600 பிக்சலில் அது வந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 7.6 பிக்சல். பால்பாயிண்ட்டில் வைத்த புள்ளி சுமார் 0.6 மி.மீ. விட்டம் இருக்கும். அதாவது நாலரை பிக்சல் விட்டம், பரப்பளவு 16 பிக்சல் சொச்சம். ஸ்பெக்கிள்ஸ் 80 என்றால், 80 பிக்சல் வரை பரப்புள்ள தனித்த துணுக்கு எதுவானாலும் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடு என்று பொருள். பெரியம்மா வைத்த புள்ளிக்கும் தாளில் விழுந்த தூசிக்கும் அந்த மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. மிஞ்சிய மூன்று புள்ளிகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றும் எழுத்தின் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒட்டியதால் பிழைத்தன.

இன்க்ஸ்கேப்பின் அந்தப் பெட்டிக்கு அடியில் வேலை செய்வது போட்ரேஸ். பீட்டர் செலிங்கர் 2001-இல் வெளியிட்டது. அதில் இந்த எண் யாரும் தொடாவிட்டால் வெறும் 2. எல்லா மொழிக்கும் பொதுவாக வைத்த எண் அது. நம் எழுத்தில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும் என்பதால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். நீங்கள் எடுப்பது ஒரே வரி. அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, ஸ்பெக்கிள்ஸை 2-இலேயே விட்டு, கறைகளைப் படத்திலேயே வெள்ளைத் தூரிகையால் கையால் அழியுங்கள். அரைமணி நேர வேலை. ஒரு புள்ளி கூடப் போகாது.

ஆனால் இந்தப் போன் படத்தை வைத்து மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். கடிதம் கையில் இருக்கும்போது முறையாக ஸ்கேன் செய்துவிடுவோம். டிரேஸ் சரியாக வராத பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கோளாறு டிரேஸில் இல்லை, அதற்குள் போகும் படத்தில் இருக்கிறது.

#5 செதுக்குளி

லேசர் பொறிப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. ஆழமாகப் பொறிப்பதா, பலகையை முழுக்க ஊடுருவி வெட்டுவதா? வெட்டுவது என்றால் கதையே வேறு. ன-வின் சுழிக்குள் இருக்கும் மரம், ழு-வின் வளையத்துக்குள் இருக்கும் மரம், எல்லாம் பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்துவிடும்.

#6 தாழம்பூ

பொறிப்பதுதான் அண்ணா. வெட்டவில்லை.

#7 செதுக்குளி

நல்லது. அப்படியென்றால் உள்ளே நிறம் நிரப்பிய மூடிய வடிவங்களாகக் கொடுங்கள், கோடாக வேண்டாம். சிலர் "பொறிக்க மட்டும்தானே, கறுப்பு வெள்ளைப் படமே போதாதா" என்று கேட்பார்கள். 12 செ.மீ. வரி 90 செ.மீ. ஆகிறது, ஏழரை மடங்கு. 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்த படத்தை ஏழரை மடங்கு இழுத்தால் 80 டிபிஐ ஆகிவிடும். ஒவ்வொரு பிக்சல் படியும் 0.3 மி.மீ.க்கு மேல். மரத்தில் விரலை வைத்தால் தட்டுப்படும். அதனால் வெக்டர் வேண்டும், அதிலும் ஓரம் சுத்தமாக வேண்டும். தாளில் 0.1 மி.மீ. மை கசிந்திருந்தால் பலகையில் அது முக்கால் மில்லிமீட்டர்.

#8 வளைகோடு

சரி, ஸ்கேன். 600 டிபிஐ, 24 பிட் வண்ணம், பிஎன்ஜி அல்லது டிஃப். ஏ4 தாள் 4960 × 7016 பிக்சலில் வரும். ஜேபெக் வேண்டாம். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் எழுத்தின் ஓரத்தைச் சுற்றி மங்கலாகக் கொசு மொய்த்த மாதிரி ஒரு படலம் வரும். உங்கள் ரம்பப் பல்லில் பாதி அதுதான். ஸ்கேனரில் ஷார்ப்பன் என்று எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை முறையில் ஸ்கேன் செய்யாதீர்கள். எது மை, எது தாள் என்ற முடிவை ஸ்கேனரிடம் விடக்கூடாது.

தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தால், ஸ்கேனர் மூடியின் வெள்ளைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது பெருமளவு அடங்கிவிடும். மடிப்பைப் பொறுத்தவரை, ஸ்கேனரின் விளக்கு நகரும் திசையிலேயே மடிப்புக் கோடு ஓடும்படி தாளைத் திருப்பி வையுங்கள். குறுக்கே வைத்தால் மடிப்பின் ஒரு பக்கம் நிழல் விழுந்து கறுப்புக் கோடாகிவிடும்.

வண்ணத்தில் எடுக்கச் சொன்னது தாளின் கோடுகளுக்காக. வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரிக்கலாம். கிம்ப் என்ற பட மென்பொருளில் டீகம்போஸ் என்று இருக்கும். கறுப்பு மையால் எழுதி, தாளின் கோடு வெளிர்நீலமாக இருந்தால் நீலச் சேனலை எடுத்தால் போதும். நீலக் கோடு நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தச் சேனலில் தாளோடு தாளாக மறைந்துவிடும், கறுப்பு மை மட்டும் நிற்கும். உங்களுக்கு மையே நீலம் என்பதால் அந்த வழி பலிக்காது. தலைகீழாகப் போங்கள். சிவப்புச் சேனலை எடுங்கள். அதில் மை கன்னங்கரேல் என்று வரும், கோடு வெறும் சாம்பலாக வரும். வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸ் கருவியில் வெள்ளை முனையை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சாம்பல் கோடு வெளுத்துப் போய், மை அப்படியே நிற்கும். ஓரத்தில் சிவப்பு மார்ஜின் கோடு இருந்தால் அதுவும் இந்தச் சேனலில் தானாகவே போய்விடும்.

பழுப்பேறிய தாளுக்கு இன்னொன்று. லேயரை நகலெடுத்து, மேல் நகலைக் காசியன் பிளரில் எழுத்தே தெரியாத அளவு கலைத்து, லேயர் முறையை டிவைட் என்று மாற்றுங்கள். பின்னணியின் மேடு பள்ளம் எல்லாம் வகுபட்டுத் தாள் ஒரே சீரான வெள்ளையாகும். முதல் தடவை இதைச் செய்து பார்த்த அன்று நான் ஒரு பழைய நோட்டு முழுவதையும் அப்படியே செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கடைசியாக, கறுப்பு வெள்ளையாக்கும் முன் சாம்பல் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். எழுத்தோரத்தில் இருக்கும் சாம்பல் பிக்சல்களில் மை எதுவரை வந்தது என்ற நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. முதலில் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் அது தொலைந்துபோகும். போட்ரேஸோடு வரும் எம்கேபிட்மேப் என்ற சிறு நிரலும் இதே வரிசையில்தான் செய்கிறது: பின்னணியைச் சமன் செய்து, இரண்டு மடங்காக்கி, அப்புறம் 0.45 த்ரெஷோல்டில் (எந்த வெளிச்சத்துக்குக் கீழே கறுப்பு, எதற்கு மேலே வெள்ளை என்ற எல்லை) வெட்டுகிறது. இரண்டு மடங்கான 600 டிபிஐ படத்தில் உங்கள் புள்ளி ஒவ்வொன்றும் 600 பிக்சலுக்கு மேல் பரப்புள்ளதாக இருக்கும். ஸ்பெக்கிள்ஸ் 50 வைத்தாலும் அசையாது.

#9 மைத்துளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே வேலை, ஆனால் பேனா பிளாட்டர் கருவியில் உண்மையான பேனாவை மாட்டிக் கையெழுத்தை எழுத வைக்க வேண்டும். டிரேஸ் செய்து கொடுத்தால் ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை, நடுவில் இடைவெளி விட்டு வரைகிறது. ஏன்?

#10 எழுத்தாணி

நான் எழுத்துரு வடிவமைக்கிறேன். இதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மைத்துளி, உங்கள் கேள்வியும் தாழம்பூவின் கேள்வியும் வெவ்வேறு. காகிதத்தில் இருப்பது மையின் உருவம். அதற்கு ஓரம் உண்டு, தடிப்பு உண்டு. கை எழுதியது பேனா போன பாதை. அதற்குத் தடிப்பே கிடையாது, முதலும் முடிவும் திசையும்தான். வழக்கமான டிரேஸ் முதலாவதைத் தரும். அதனால்தான் உங்கள் பிளாட்டர் மையின் இரு கரையையும் சுற்றி வருகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, நடுக்கோடு. தாழம்பூவுக்கு முதலாவதுதான் வேண்டும். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன் இதை முடிவு செய்யாமல் பலர் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

தாழம்பூ, உங்களிடம் ஒன்றை வேண்டிக் கேட்கிறேன். ஓரம் சுத்தமாக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஸ்மூத் கார்னர்ஸைக் கடைசி வரை இழுத்துவிடாதீர்கள். அது போட்ரேஸின் ஆல்ஃபாமேக்ஸ். 0 வைத்தால் எல்லாம் முனை முனையாக வரும், 1.34 வைத்தால் முனையே இல்லாமல் எல்லாம் வழுவழுவென்று உருண்டுவிடும். கடிதம் என்பதில் ட இருக்கிறது, எனக்குப் என்பதில் ப இருக்கிறது. இரண்டுக்கும் மூலை உண்டு. உருட்டிவிட்டால் ப தொட்டில் மாதிரி ஆகிவிடும். 1.0 என்ற இயல்பு நிலையை விட்டு அதிகம் நகராதீர்கள்.

அவர் எழுதியபோது என்ன வயது? கையில் நடுக்கம் இருந்ததா?

#11 தாழம்பூ

அறுபதைத் தாண்டியிருந்தார். ஆமாம், நடுக்கம் உண்டு. நீளமான கோடுகளில் நன்றாகத் தெரியும். பொழுது என்பதில் ழு-வின் கீழ் வால் அலை அலையாக இருக்கும்.

#12 எழுத்தாணி

அந்த அலை போகக்கூடாது. அது அவர் கை.

நல்ல வேளையாக, பிக்சலின் படியும் கையின் நடுக்கமும் அளவில் வெகு தூரம் தள்ளி இருக்கின்றன. 600 டிபிஐ-யில் ஒரு பிக்சல் 0.042 மி.மீ. படிக்கட்டுத் தோற்றம் அந்த அளவில்தான் இருக்கும். கை நடுக்கத்தின் ஒரு அலை குறைந்தது ஒரு மில்லிமீட்டராவது நீளும், இருபது முப்பது பிக்சல். ஆகவே 0.1 மி.மீ.க்குக் கீழே உள்ளதை மட்டும் மழுப்பினால் படி போய்விடும், நடுக்கம் நிற்கும். இதனால்தான் வளைகோடு சொன்ன 600 டிபிஐ முக்கியம். நீங்கள் முதலில் எடுத்த போன் படத்தில் ஒரு பிக்சலே 0.13 மி.மீ. அங்கே படியை மழுப்பப் போனால் நடுக்கத்தின் மேலும் கை வைத்துவிடுவோம்.

இன்க்ஸ்கேப்பில் நோடுகளைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கட்டளையை ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதீர்கள். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் அதன் வேகம் கூடும். மூன்றாவது அழுத்தலில் யார் எழுதியது என்றே தெரியாது.

#13 வளைகோடு

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரே வரிதானே? டிரேஸை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு பென் டூலால் எழுத்தின் ஓரத்தை நாமே வரைந்துவிடலாம். ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் ஒரு நோடு, முனையில் ஒரு நோடு. மொத்த வரியும் முந்நூறு நோடுகளுக்குள் முடியும். பொறிப்பவர் கணினியும் மூச்சு விடும்.

#14 எழுத்தாணி

எழுத்துருவுக்கு நான் அப்படித்தான் செய்வேன். ஒரு ழு-வை ஆயிரம் இடத்தில் போடப் போகிறோம், அது நன்றாக அமைய வேண்டும். ஆனால் இது ஒரு மனுஷி ஒரு நாள் எழுதிய ஒரு வரி. பென் டூலால் வரையும்போது நம் கண் தானாகவே திருத்தும். சாய்ந்ததை நிமிர்த்தும், நடுங்கியதை நேராக்கும். நாம் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வோம். நோடு அதிகம் இருந்தால் இருக்கட்டும். ஒரு வரிக்கு ஆயிரம் நோடு இருந்தால் எந்தப் பொறிப்புக் கருவியும் தடுமாறாது.

#15 செதுக்குளி

ஆயிரம் நோடு ஒன்றுமே இல்லை. அவர் கணினி திணறியது முழுப் பக்கத்தின் கறையும் கோடும் சேர்ந்து வந்ததால்தான்.

#16 வளைகோடு

நீங்கள் சொல்வது சரி எழுத்தாணி. இந்த வேலைக்கு டிரேஸ்தான். நான் லோகோ வேலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

மைத்துளிக்கு: நடுக்கோடு எடுக்க இன்க்ஸ்கேப் 1.0 முதல் (2020-இல் வந்தது) டிரேஸ் பெட்டியிலேயே சென்டர்லைன் டிரேசிங் இருக்கிறது. ஆட்டோடிரேஸ் என்ற பழைய நிரல் அதன் உள்ளே வேலை செய்கிறது. கோட்டின் இரு கரையிலிருந்தும் பிக்சல்களைச் சுரண்டிச் சுரண்டி எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும்வரை மெலிய வைப்பதுதான் இதுபோன்ற முறைகளின் அடிப்படை. ஆனால் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் எலும்புக்கூடு பெரும்பாலும் பொய் சொல்லும். க-வில் மேலிருந்து வரும் கோடும் குறுக்குக் கோடும் வெட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே புள்ளியில் வெட்டாமல் சின்னப் பாலம் போட்டதுபோல் இரண்டு சந்திகளாக வரும். மை தேங்கிய இடத்தில் முள் மாதிரி கிளை முளைக்கும். எந்தப் பக்கம் முதலில் எழுதியது என்பதும் அதற்குத் தெரியாது. பிளாட்டர் ஒரு எழுத்தை நாலு துண்டாக, பேனாவைத் தூக்கித் தூக்கி எழுதும்.

ஆகவே உங்கள் வேலைக்குத்தான் பென் டூல் பொருந்தும். ஸ்கேனை அடியில் பூட்டிவைத்து, எழுதுகிற வரிசையிலேயே, எழுதுகிற திசையிலேயே ஒற்றைக் கோடாக வரையுங்கள். பின்னால் இணையப் பக்கத்தில் எழுத்து தானாக எழுதப்படுவதுபோல் அசைவூட்டம் வேண்டும் என்றாலும் இதே கோடு பயன்படும். மையின் உருவத்தை டிரேஸில் எடுத்து, அதன்மேல் இந்த ஒற்றைக் கோட்டைத் தடிமனாக்கி மாஸ்க் ஆக வைத்து, அந்த மாஸ்க் கோடு வளர வளர அடியில் உள்ள மை வெளிப்படும்படி செய்வார்கள். தடிப்பும் மாறாது, வரிசையும் சரியாக இருக்கும்.

#17 மைத்துளி

இப்போதுதான் புரிந்தது. வரிசைப்படி வரையும்போது பேனாவைத் தூக்கும் இடமும் என் கையில் இருக்கும். மிக்க நன்றி.

#18 தாழம்பூ

ஸ்கேன் செய்தேன். கறுப்புத் தாள் வைத்தது, சிவப்புச் சேனல், டிவைட், எல்லாம் செய்தேன். தாளின் கோடு போன இடமே தெரியவில்லை. ஏழு புள்ளியும் வந்துவிட்டது. ஏழையும் எண்ணி எண்ணிப் பார்த்தேன்.

இரண்டு சிக்கல் மிச்சம். எழுத்தின் நடுவிலேயே தலைமுடி மாதிரி மெல்லிய வெள்ளைக் கீறல்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவை போக வேண்டும் என்று த்ரெஷோல்டுக்கு முன் காசியன் பிளர் 6 பிக்சல் கொடுத்தேன். கீறல் போனது. ஆனால் தான் என்பதில் ன-வின் சுழி முழுக்க அடைத்துக்கொண்டு கரும்பொட்டு ஆகிவிட்டது. அப்புறம் மடிப்பு ழு-வின் நடுவே போகிறது. அந்த இடத்தில் மை உதிர்ந்து எழுத்து இரண்டு துண்டாக இருக்கிறது.

#19 எழுத்தாணி

கீறல்கள் பால்பாயிண்ட்டின் குணம். உருளும் குண்டு மையை இரு ஓரமும் ஒதுக்கி நடுவில் வெறுமையாக விட்டுப்போகும். பிளர் கொடுத்தால் கீறலும் அடையும், சுழியும் அடையும். இரண்டும் வெள்ளைத் துளைதானே.

கடிதத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுழிக்குள் தாள் தெரிகிறதா? மையே அடைத்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் அவர் எழுத்துதான். வெள்ளை தெரிந்தால் அதை மீட்க வேண்டும்.

#20 தாழம்பூ

பார்த்தேன். ஊசி முனை அளவு வெள்ளை இருக்கிறது.

#21 வளைகோடு

அப்படியென்றால் பிளரை 1 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு மறுபடி டிரேஸ் செய்யுங்கள். கீறல்கள் திரும்ப வரும், வரட்டும். வந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் பிரேக் அபார்ட் கொடுங்கள். ஒவ்வொரு துளையும் தனித்தனி வடிவமாகப் பிரியும். எல்லாம் கறுப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நிறத்தை எடுத்துவிட்டு ஓரக்கோடு மட்டும் தெரியும்படி பார்த்தால் எது கீறல், எது சுழி என்று கண்ணுக்கே தெரியும். கீறல்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மிஞ்சியதை எல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து கம்பைன் கொடுங்கள். சுழிகள் திரும்பத் துளையாகிவிடும். முதலில் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

சுழி அப்போதும் அடைந்தே வந்தால் அந்த ஓர் எழுத்தை மட்டும் தனியாக வெட்டி, த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்கி டிரேஸ் செய்து ஒட்டுங்கள். வரி முழுக்க ஒரே த்ரெஷோல்ட் பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேனாவை அழுத்திய இடமும் மெல்ல விட்ட இடமும் ஒன்றா?

#22 எழுத்தாணி

மடிப்புக்கு ஒரு வார்த்தை. கடிதத்தில் வேறு எங்காவது ழு இருந்தால் அதிலிருந்து துண்டு எடுத்து ஒட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். கையெழுத்தில் எந்த இரண்டு எழுத்தும் ஒன்றாக இருப்பதில்லை. சாய்வும் தடிப்பும் மாறி, ஒட்டு போட்டது பலகை அளவில் தெரிந்துவிடும். இடைவெளி எவ்வளவு?

#23 தாழம்பூ

அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

#24 எழுத்தாணி

அப்படியென்றால் சுலபம். வெக்டரிலேயே செய்யுங்கள். இரண்டு துண்டின் வெட்டு முனைகளில் உள்ள நோடுகளை அழித்து, இந்தக் கரையின் கடைசி நோடையும் அந்தக் கரையின் முதல் நோடையும் இணையுங்கள், இரு ஓரத்துக்கும் தனித்தனியாக. நோடிலிருந்து நீண்டு வளைவின் திசையைக் காட்டும் கைப்பிடிகள் இரு பக்கமும் கோடு ஏற்கெனவே போகும் திசையிலேயே இருக்கட்டும். வளைவு தானாகப் பொருந்தும்.

#25 செதுக்குளி

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து வருத்தப்படக் கூடாது.

90 செ.மீ. கோப்பும் 6 செ.மீ. கோப்பும் ஒன்றாக இருக்க முடியாது. வெக்டர் எந்த அளவுக்கும் நீளும் என்பது உண்மை, ஆனால் கோட்டின் தடிப்பும் கூடவே சுருங்கும். தாளில் 0.5 மி.மீ. இருக்கும் கோடு பலகையில் 3.75 மி.மீ. ஆகும், அட்டையில் 0.25 மி.மீ. ஆகிவிடும். நீங்கள் சொன்ன ஊசி முனை வெள்ளை அட்டையில் வரவே வராது. அட்டைக்கு ஒரு நகல் எடுத்து, எழுத்தைச் சற்றே தடிப்பாக்கி, சுழிகளைக் கையால் கொஞ்சம் அகலப்படுத்தித் தனிக் கோப்பாக வையுங்கள்.

அடுத்தது அளவு. எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பில் அளவு மாறிப்போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இன்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து ஓர் அங்குலத்துக்கு 96 அலகு, அதற்கு முன்பு 90. வேறு சில மென்பொருள்கள் 72 என்று எடுத்துக்கொள்ளும். 96-இல் செய்த 90 செ.மீ. வரியை 90 கணக்கில் திறந்தால் 96 செ.மீ., 72 கணக்கில் திறந்தால் 120 செ.மீ. கோப்பின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தை வரைந்து வையுங்கள். பொறிப்பவர் திறந்ததும் முதலில் அந்தச் சதுரத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பொறிக்கும்போது அதை எடுத்துவிடலாம்.

#26 தாழம்பூ

செய்து முடித்துவிட்டேன். மொத்தம் 870 நோடுகள். சுழி திறந்துவிட்டது. ழு-வின் மடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. வாலில் அலை அப்படியே இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தபோது, வந்தால்தான் என்பதில் ந்-இன் புள்ளி வட்டமாக இல்லை. சின்னச் சாய்ந்த கோடாக இருக்கிறது, வலப்பக்கம் மெலிந்து முடிகிறது. மற்ற ஆறும் வட்டம். டிரேஸில் ஏதாவது கோணலாகிவிட்டதா? வட்டமாக்கிவிடவா?

#27 எழுத்தாணி

ஸ்கேனில் எப்படி இருக்கிறது?

#28 தாழம்பூ

ஸ்கேனிலும் அப்படித்தான். கடிதத்திலும். இப்போது கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பேனாவைத் தூக்குவதற்குள் அடுத்த எழுத்துக்குக் கை நகர்ந்துவிட்டது போல.

#29 எழுத்தாணி

தொடாதீர்கள்.

#30 தாழம்பூ

தொடவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன், ஓரத்தில் 10 செ.மீ. சதுரத்தோடு.

#31 செதுக்குளி

முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டு ஒன்றில் அந்த ழு-வையும் ந்-ஐயும் மட்டும் பொறித்துக் காட்டச் சொல்லுங்கள். மரத்தின் ரேகைக்கு ஏற்ப லேசரின் வேகத்தை மாற்ற வேண்டியிருக்கும். முழு வரியையும் அப்புறம் ஓட்டலாம்.